கும்பினிப் பாஷை

சத்தியமங்கலத்திலிருந்து அன்னூர் வழியாகக் கோயமுத்தூர் போகிற பாதையில் ஒரு ஊர், புஞ்சைப் புளியம்பட்டி. பஸ்ஸின் நெற்றியில் 'பு. புளியம்பட்டி' என்று எழுதியிருக்கும், யாரோ ஒரு ஆள் தன் தகப்பனார் பெயரைச் சுருக்கிப் போட்டுக்கொண்ட மாதிரி. கோபி பக்கம் புஞ்சைத் துறையம்பாளையம் இருக்கிறது. ஈரோட்டுப் பக்கம் நஞ்சை ஊத்துக்குளி, நஞ்சைக் காளமங்கலம், புஞ்சைக் காளமங்கலம். ஊருக்குச் சாமியின் பெயர் வைப்பார்கள், மரத்தின் பெயர் வைப்பார்கள், அங்கே முதலில் குடிசை போட்டவன் பெயர் வைப்பார்கள். தீர்வைக் கணக்கில் தன் மண் எந்தப் பத்தியில் விழும் என்பதையே இனிஷியலாகச் சுமந்துகொண்டிருக்கிற ஊர்கள் இவை. அந்த ஊர்க்காரர்களுக்கு அது உறுத்துவதில்லை. உறுத்த வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. ஒரு அலுவலகச் சொல் எப்படி ஊரின் பெயராகிறது, வேறொன்று எப்படி வசையாகிறது, இன்னொன்று எப்படி நூறு வருஷமாகியும் யாருக்கும் புரியாமலே சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்பதை இந்தச் சின்னப் பிரதேசத்தை வைத்துக்கொண்டு யோசிக்க முடியுமென்று படுகிறது.

கம்பெனிகளின் பாஷை பற்றி இப்போது நிறைய முனகல் கேட்கிறது. ஆளை வேலையைவிட்டு அனுப்புவதற்கு ஒரு அலங்காரச் சொல், சம்பளத்தைக் குறைப்பதற்கு ஒன்று, ஒன்றும் செய்யாமல் கூடிப் பேசுவதற்கு ஐந்தாறு. கோயமுத்தூரின் புதிய கண்ணாடிக் கட்டிடங்களிலிருந்து வந்த புதிய வியாதி இது என்கிற மாதிரிப் பேசுகிறார்கள். நமக்கு இது புதிதே அல்ல. உலகத்தில் எந்த ஜனத்துக்கும் முன்னால் ஒரு கம்பெனியின் நிர்வாக பாஷையை வீட்டுக்குள் விட்டுக்கொண்டவர்களில் நாமும் உண்டு. 1600-ல் லண்டனில் சாசனம் வாங்கிய ஒரு வியாபார ஸ்தாபனம், பங்குதாரர்களும் டைரக்டர்களும் வருஷாந்திர லாபப் பங்கீடும் உள்ள ஸ்தாபனம், 1799-ல் திப்பு விழுந்ததும் சத்தியமங்கலத்தின் ராஜாவாயிற்று. தமிழில் அதற்குக் 'கும்பினி' என்று பெயர். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சுக்காரர்களின் கும்பினிக்காகத் துபாஷி வேலை பார்த்துக்கொண்டு 1736-லிருந்து நாட்குறிப்பு எழுதினார். அதில் கும்பினியும் முசேக்களும் சரக்கும் சண்டையும் எந்தக் கூச்சமும் இல்லாமல் பேச்சுத் தமிழில் கிடக்கின்றன. துரை என்ன சொன்னார், யாருக்கு எவ்வளவு போயிற்று, யார் முகம் எப்படிக் கறுத்தது என்று எழுதுகிற தமிழ் அது. நிர்வாகத்தைப் பச்சையாகச் சொல்லத் தமிழுக்கு வராது என்று நினைக்கிறவர்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கலாம்.

சத்தியமங்கலத்துக்கு வருவோம். கர்நாடகத்திலிருந்து மலையிறங்கினால் கால் வைக்கிற முதல் சமவெளி இது. மூன்றாம் மைசூர் யுத்தத்தில், 1790 செப்டம்பரில், கர்னல் பிளாய்டின் படையைத் திப்பு இங்கேதான் எதிர்கொண்டான். கும்பினிப் படை பின்வாங்க வேண்டியிருந்தது. ஒன்பது வருஷம் கழித்து யுத்தத்தின் முடிவு வேறு மாதிரி ஆயிற்று. 1800-ல் வெல்லெஸ்லியின் உத்தரவுப்படி பிரான்சிஸ் புக்கானன் என்கிற டாக்டர் புதிதாகக் கைக்கு வந்த தேசத்தைச் சுற்றிப் பார்த்துக் குறிப்பெடுக்கப் புறப்பட்டார். அக்டோபரில் பவானி வழியாக இந்தப் பக்கம் வந்து, சத்தியமங்கலம், தண்ணாயக்கன்கோட்டை என்று போயிருக்கிறார். தண்ணாயக்கன்கோட்டை இன்று பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. 1807-ல் மூன்று வால்யூமாக அவர் புத்தகம் வெளிவந்தது. அதைப் படிக்கிறபோது முதலில் படுவது அவர் சொற்களோடு படுகிற பாடு. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு அளவு, ஒரு பதவி, ஒரு வரி. அடுத்த ஊரில் அதே பெயருக்கு வேறு அர்த்தம். மலைக்கு மேலே கவுடன், சானபோகன். மலைக்குக் கீழே மணியகாரன், கணக்கன். அவர் நின்று நின்று விளக்குகிறார். ஒரு படிக்கு எத்தனை ரூபாய் எடை, ஒரு ஏருக்கு எவ்வளவு நிலம் என்று கேட்டுக் கேட்டு எழுதுகிறார். அலுப்புத் தட்டுகிற புத்தகம்தான். ஆனால் அந்த அலுப்பில் ஒரு நேர்மை உண்டு. சொல்லை மாத்திரம் தூக்கிக்கொண்டு போகாமல் சொல்லுக்குக் கீழே இருக்கிற நெல்லையும் பார்த்துவிட்டுப் போகிறார்.

அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அவ்வளவு பொறுமை இருக்கவில்லை. காரணம் எளிது. அவர் பார்க்க வந்தவர். அவர்கள் வசூலிக்க வந்தவர்கள்.

வசூலுக்கான சொற்கள் முன்பே தயாராக இருந்தன. முகலாயர்களின் கச்சேரிப் பாரசீகம் தெற்கே வந்து சேர்ந்திருந்தது. திப்பு பதவிகளுக்கும் மாதங்களுக்கும் அளவுகளுக்கும்கூடப் புதுப் பெயர்கள் வைத்துப் பார்த்தவன். கும்பினி அந்தச் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டது. தாசில்தார், சிரஸ்தார், ஜமாபந்தி, கிஸ்தி, பசலி, கவுல், முச்சிலிக்கா, தாக்கீது, ஜப்தி. இவற்றோடு ஒரு விசித்திரமும் சேர்ந்தது. சென்னை ராஜதானியின் பல ஜில்லாக்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முன்பாதி வரை ஹுசூர் கச்சேரிக் கணக்குகள் மராத்தியில், மோடி எழுத்தில் இருந்தன. ஊரில் கணக்கன் ஓலையில் தமிழில் எழுதுவான். அது கச்சேரியில் மராத்தியாகும். கலெக்டரின் மேஜையில் இங்கிலீஷாகும். அங்கிருந்து சென்னைக்கும், கல்கத்தாவுக்கும், கடைசியில் லண்டனில் டைரக்டர்களின் சபைக்கும் போகும். ஒவ்வொரு படியிலும் ஏதாவது ஒரு சொல் மொழிபெயர்க்க முடியாமல், அல்லது மொழிபெயர்க்க விரும்பாமல், அப்படியே அடுத்த படிக்கு ஏறிவிடும். லண்டன் போய்ச் சேருகிறபோது அந்தச் சொல் சாம்பலும் பூச்சும் படிந்த ஒரு கல். உள்ளே என்ன இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

இது யாருக்கு லாபம்? நடுவில் இருந்தவனுக்கு. துபாஷி என்றால் இரண்டு பாஷைக்காரன் என்று அர்த்தம். இரண்டுக்கும் நடுவே இருக்கிற பனிமூட்டத்தில்தான் அவன் சோறு. கோயமுத்தூர் ஜில்லாவுக்கு இதில் ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. வில்லியம் காரோ கலெக்டராக இருந்த காலத்தில் கஜானாவைக் கையில் வைத்திருந்தவர் காசிச் செட்டி. இந்த ஜில்லாவின் புகையிலை வியாபாரத்தைக் கும்பினி 1811-லிருந்து தன் ஏகபோகமாக வைத்துக்கொண்டிருந்தது. கஜானாவும் புகையிலையும் ஒரே ஆளின் நிழலில் இருந்தன. காரோவுக்குப் பின் வந்த ஜான் சல்லிவன், பிற்பாடு உதகமண்டலத்தை உண்டாக்கியதாகப் பெயர் வாங்கியவர், கணக்குகள் சரியில்லை என்று எழுதினார். 1816-ல் தாமஸ் மன்றோவின் கமிஷன் வந்து தோண்டியபோது கச்சேரியின் உள்ளூர் உத்தியோகஸ்தர்களில் பெரும்பகுதி அந்த வலையில் இருந்தது தெரியவந்தது. ஒரு ஆளின் திருட்டு என்று இதைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். கலெக்டர் வாசிக்க முடியாத எழுத்தில், கலெக்டருக்குப் புரியாத சொற்களில், கலெக்டரின் கையெழுத்தோடு நடந்த நிர்வாகம் அது என்பதுதான் அதன் சரித்திரம்.

லண்டனில் இருந்தவர்களுக்குக் கொஞ்ச காலத்துக்குள்ளேயே சந்தேகம் வந்துவிட்டது. கும்பினியின் சாசனத்தைப் புதுப்பிக்கலாமா என்று பார்லிமெண்ட் யோசித்துக்கொண்டிருந்த சமயம், 1812 ஜூலையில், காமன்ஸ் சபையின் ஒரு கமிட்டி கிழக்கிந்திய விவகாரங்கள் பற்றித் தன் ஐந்தாம் அறிக்கையைக் கொடுத்தது. சென்னை ராஜதானியின் நிலவரி ஏற்பாடுகள் எல்லாம் அதில் உண்டு. ஜமீன்தாரியா, ரயத்துவாரியா, கிராமக் குத்தகையா என்கிற சண்டை முழுக்க அதில் இருக்கிறது. மெம்பர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. 1813-ல் அந்த அறிக்கைக்கென்றே ஒரு சொற்பட்டியல் தயாரித்துக் கொடுத்தவர் சார்லஸ் வில்கின்ஸ். 1785-ல் பகவத் கீதையை இங்கிலீஷில் கொண்டுவந்த அதே வில்கின்ஸ். கர்ம யோகத்துக்கு இங்கிலீஷில் வார்த்தை தேடிய ஆளிடம் கிஸ்திக்கும் கச்சேரிக்கும் வார்த்தை தேடித் தரச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்து, ஒரு கம்பெனியின் உள்பாஷையை வெளியாட்களுக்குச் சாதாரண இங்கிலீஷில் சொல்வதற்காக ஒரு ராஜ்யசபை கேட்டு வாங்கிய அகராதி உலகத்தில் அதற்கு முன்னால் அதிகம் இருக்க முடியாது.

அதோடு தீரவில்லை. டைரக்டர்கள் 1840-களில் ஒரு மாதிரிப் பட்டியலை அச்சிட்டு, காலியிடம் விட்டு, இந்தியாவிலிருந்த உத்தியோகஸ்தர்களுக்கு அனுப்பினார்கள். தெரிந்த அர்த்தங்களை நிரப்பி அனுப்புங்கள் என்றார்கள். வடக்கே எலியட் என்பவர் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு 1845-ல் தனிப் புத்தகமே போட்டுவிட்டார். மற்றபடி திரும்பி வந்தது ஏமாற்றம்தான் என்று வில்சன் வருத்தப்படுகிறார். எச். எச். வில்சன், ஆக்ஸ்போர்டில் சமஸ்கிருதப் பேராசிரியர், கும்பினியின் நூலகரும் அவரே. 1855-ல் அவர் பெயரில் நீதி, வருவாய்ச் சொற்களின் பெரிய அகராதி வந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், பாரசீகம் என்று ஒவ்வொரு சொல்லையும் அதனதன் எழுத்திலேயே அச்சுக் கோத்திருக்கிறார்கள். துரைமார்கள் காதில் விழுந்தபடி எழுதிக் கெடுத்துவைத்த உருவங்களையும் பக்கத்திலேயே போட்டு, இது தப்பு என்று வில்சன் சொல்லிக்கொண்டு போகிறார். அபாரமான உழைப்பு. அது வெளியான மூன்றாவது வருஷம் கும்பினியின் ராஜ்யபாரம் போயிற்று. 1874-ல் கும்பினியே கலைந்தது. அதன் பாஷை மாத்திரம் தாலுகா கச்சேரிகளில் தங்கிவிட்டது. 1886-ல் யூலும் பர்னலும் போட்ட 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' வந்தபோது சொற்கள் ரசிக்கிற பொருளாகிவிட்டன. கொள்ளையடித்த வீட்டுச் சாமான்கள் காட்சிப்பெட்டிக்குள் போய் உட்காருவது போல.

இந்த அகராதிகளைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. வில்கின்ஸுக்கும் வில்சனுக்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இந்தச் சொல்லுக்கு வாங்குகிறவன் பக்கத்திலிருந்து என்ன அர்த்தம்? கொடுக்கிறவன் பக்கத்து அர்த்தம் வேறு. ரயத்து என்கிற அரபுச் சொல்லின் வேரில் மேய்ச்சல் மந்தை என்கிற அர்த்தம் இருக்கிறது. மேய்க்கிறவன் பார்வையில் அது பொருத்தமான சொல். மந்தைக்கு அப்படித் தோன்ற வேண்டும் என்பதில்லை. பட்டா என்று ஒரு காகிதம் கொடுக்கிறார்கள். அது வைத்திருந்தால் நிலம் தன்னுடையது என்று விவசாயி இன்றுவரை நம்புகிறான். பட்டா வரிக்கணக்கின் சாட்சியே ஒழிய உரிமைப் பத்திரம் அல்ல என்று கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. இருநூறு வருஷமாக ஒரே காகிதத்தை இரண்டு பேர் இரண்டு பாஷையில் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதைவிட அழகான உதாரணம் புறம்போக்கு. நல்ல தமிழ்ச் சொல். தீர்வை விதித்த நிலத்துக்குப் புறம்பாகப் போனது. ஏரிக்கரை, மந்தைவெளி, சுடுகாடு, வண்டிப்பாதை, ஓடை, கோயில் திட்டு என்று ஊர் பொதுவில் வைத்துக்கொண்டிருந்த எல்லாம் அதில் அடங்கும். ஆடு மேய்ந்தது அங்கே. பிணம் எரிந்தது அங்கே. மழைத் தண்ணீர் நின்றது அங்கே. வரி வராததால் கணக்கில் அது ஒன்றுமில்லாத இடம். கணக்கின் அபிப்பிராயம் மெல்ல மெல்ல ஊரின் அபிப்பிராயமாகிவிட்டது. இன்று உருப்படாத மனிதனைப் 'பொறம்போக்கு' என்று திட்டுகிறோம். கலெக்டர் ஆபீஸ் ரிஜிஸ்தரின் ஒரு பத்தியைக் கொண்டுவந்து மனிதன் முகத்தில் எறிகிறோம் என்கிற பிரக்ஞை நமக்கு இல்லை.

கொங்கு விவசாயி தன் மண்ணைப் பற்றிப் பேசுகிற பாஷை இதற்கு நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. அவனுக்கு நிலம் மூன்று வகை. மழையை நம்பியது காடு. கிணறு வெட்டி இறைப்பது தோட்டம். ஆறு வாய்க்காலில் பாய்வது வயல். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதற்கு யார் உடம்பு நோகிறது என்பதைச் சொல்லிவிடுகிற பெயர்கள். "காட்டுக்குப் போய்ட்டு வாரனுங்க" என்று சத்தியமங்கலத்தில் ஒருவர் சொன்னால் புலி இருக்கிற இடத்துக்குப் போகிறார் என்று அர்த்தமில்லை, சோளக்கொல்லைக்குப் போகிறார். அளவும் அப்படித்தான். வள்ளம் என்பது தானியம் அளக்கிற பாத்திரம், அதே பெயர்தான் நிலத்துக்கும். ஒரு வள்ளம் புஞ்சை ஏறக்குறைய நாலு ஏக்கர் வரும். விளைச்சலையும் மண்ணையும் ஒரே வாயால் சொன்ன பாஷை. இந்தத் தோட்டம் என்கிற சொல் கும்பினியின் கைக்குப் போனதும் என்ன ஆயிற்று? அது ஒரு தரமாயிற்று. தன் சொந்தக் காசில் கிணறு வெட்டி, கவலை கட்டி, மாடு பூட்டி இறைத்தவனுடைய நிலத்துக்குத் தோட்டம் என்று பெயரிட்டுப் புஞ்சையைவிடக் கூடுதல் தீர்வை போட்டார்கள். உழைப்பைக் குறித்த பெயர் உழைப்புக்கு அபராதம் போடுகிற பெயராயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் அதைக் கைவிட்டார்கள்.

பாரசீகச் சொற்கள் எல்லாம் புரியாதவை, தமிழ்ச் சொற்கள் எல்லாம் புரிபவை என்று இங்கே ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கிஸ்தியும் ஜப்தியும் எந்தக் குடியானவனுக்கும் புரியும். கிஸ்தி என்றால் இன்ன தேதிக்குள் கட்ட வேண்டிய ரூபாய். ஜப்தி என்றால் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போவார்கள். உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்ட சொல்லுக்கு அகராதி வேண்டாம். பசலியில் 1434 என்றால் 590-ஐக் கூட்டி 2024 ஜூலையிலிருந்து 2025 ஜூன் வரை என்று மணியகாரர் வாயாலேயே சொல்லிவிடுவார். அன்னியச் சொல், ஆனால் கூட்டல் தெரிந்தால் திறந்துவிடுகிற பூட்டு.

1956-ல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அடுத்த வருஷம் ஆட்சிச் சொல்லகராதி வந்தது. தாசில்தார் வட்டாட்சியரானார். கலெக்டர் மாவட்ட ஆட்சியரானார். ஜமாபந்தி வருவாய்த் தீர்வாயமாயிற்று. அந்த முயற்சியைக் கேலி செய்கிறவன் நான் இல்லை. மராத்தியும் பாரசீகமும் இங்கிலீஷும் அடுக்கடுக்காய் ஏறி உட்கார்ந்திருந்த ஒரு பாஷை தன் முதுகை நிமிர்த்திப் பார்த்த காரியம் அது. ஆனால் அகராதி கேட்ட கேள்வி பழைய கேள்விதான்: இந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன? இந்தக் காரியம் என்ன, இதில் யார் யாருக்கு என்ன தருகிறார்கள் என்று அது கேட்கவில்லை. இன்றைக்கும் வருஷாவருஷம் வருகிற அறிவிப்பில் வருவாய்த் தீர்வாயம் என்று போட்டு, பக்கத்தில் ஜமாபந்தி என்றும் போடுகிறார்கள். புதுச்சொல்லுக்கு அர்த்தம் சொல்லப் பழைய பாரசீகம் தேவைப்படுகிறது. 'ஊர்க்கணக்கைத் தணிக்கை பார்க்கிற நாள், பட்டாவில் தப்பு இருந்தால் மனுக் கொடுக்கலாம்' என்று எழுதினால் ஏழெட்டு வார்த்தை கூட ஆகும். அதற்கு மை செலவாகிவிடாது. 1980-ல் பரம்பரைக் கர்ணம், மணியகாரர்களை எடுத்துவிட்டு வந்த கிராம நிர்வாக அலுவலரை ஜனங்கள் வி.ஏ.ஓ. என்றுதான் அழைக்கிறார்கள். தூய தமிழில் அச்சடித்ததை இங்கிலீஷ் எழுத்துகளாகச் சுருக்கிப் பேச்சுத் தமிழாக்கிக்கொண்டார்கள். பாஷை தன் சௌகரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது.

இங்கிலாந்தில் 1946-ல் ஆர்வெல் அரசியல் இங்கிலீஷைப் பற்றி எழுதினார். இரண்டு வருஷம் கழித்து, எர்னஸ்ட் கவர்ஸ் சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு எளிய வார்த்தை கற்றுக்கொடுக்கப் புத்தகம் போட்டார். ஆர்வெல் பிறந்தது மோதிஹாரியில், அபினி இலாகா உத்தியோகஸ்தரின் மகனாக. பிறகு பர்மாவில் போலீஸ். ஒரு சாம்ராஜ்யத்தின் அலுவலக பாஷையை உள்ளிருந்து கேட்டு வளர்ந்த காதுக்குத்தான் அந்தக் கோபம் வரும். நாம் அவர்களைப் படித்துவிட்டுச் 'சிக்கனம்', 'இறுக்கம்' என்று கவிதைக்கு எடுத்துக்கொண்டோம், தாலுகா ஆபீஸ் நோட்டீசுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்கே ஒரு கும்பினிப் பாஷை உண்டு என்பது வேறு விஷயம். அந்நியமாதல், பிரதி, கட்டவிழ்ப்பு என்று அடுக்கி, நாலு பேருக்குள் பட்டுவாடா செய்து, அதையும் ஒரு ஜமாபந்தி மாதிரி நடத்திவருகிறோம்.

தூய சொல் எவ்வளவு தூரம் பொய் சொல்லும் என்பதற்குக் கொங்குநாட்டுப் பஞ்சாலைகளைப் பார்க்க வேண்டும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில் இங்கே சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம் என்று பெயர்கள் புழங்கின. கலியாணமாகாத பெண்பிள்ளைகளைத் தூரத்து ஜில்லாக்களிலிருந்து கூட்டிவந்து, மில் விடுதியில் தங்கவைத்து, மூன்று வருஷம் போல வேலை வாங்கி, முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாக ஒரு தொகை தருவார்கள். கலியாணச் செலவுக்கு உதவும் என்று நோட்டீஸில் இருக்கும். வரதட்சணையை 1961-லேயே சட்டம் தடுத்திருக்கிறது என்பதை நோட்டீஸ் கண்டுகொள்வதில்லை. 2011-ல் நெதர்லாந்திலிருந்து வெளிவந்த ஒரு அறிக்கை இதை உலகத்துக்குச் சொன்னது. அந்த மொத்தத் தொகை வெகுமதி அல்ல, அந்தப் பெண்ணின் சொந்தக் கூலியில் மாதாமாதம் பிடித்து வைத்தது என்பது அதன் சாரம். நடுவில் நோய் வந்து ஊருக்குப் போனவளுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போகலாம். விடுதியை விட்டு வெளியே போக வர அவளுக்கு இஷ்டமில்லை, அனுமதி உண்டு அல்லது இல்லை. சுமங்கலி என்கிற சொல்லில் ஒரு அன்னிய எழுத்துக்கூட இல்லை. மஞ்சளும் குங்குமமும் மணக்கிற சொல். கூலியைப் பிடித்துவைக்கிற ஏற்பாடு என்று அந்த நோட்டீஸில் எழுதியிருந்தால் எந்தத் தகப்பன் மகளை அனுப்பியிருப்பான்? ஆனால் சொல்லவேண்டும், அந்த ஜனங்களிடம் இதற்கும் ஒரு பேர் இருந்தது. 'கேம்ப் கூலி' என்றார்கள். இரண்டே வார்த்தை, ஒன்று இங்கிலீஷ். முகாமில் அடைபட்டுச் செய்கிற வேலை, கிடைப்பது கூலி. வில்கின்ஸ்கூட இவ்வளவு சரியாகப் பெயர்த்திருக்க மாட்டார்.

சத்தியமங்கலத்துக்கு வடக்கே மலைமேல் இதே கதை வனத்துறையின் பாஷையில். 1882-ன் சென்னை வனச் சட்டம் தொடங்கி, 2013-ல் புலிகள் காப்பகம் ஆனது வரை எத்தனையோ சொற்கள் மலையேறியிருக்கின்றன. அதில் 'சிறு வன மகசூல்' என்று ஒன்று. தேன், கடுக்காய், பூந்திக்கொட்டை, கல்பாசி, சீமாறுப் புல். மரம் பெரிய மகசூல், அதனால் மற்றதெல்லாம் சிறியது. ஊராளிக்கும் சோளகருக்கும் வீட்டில் அடுப்பு எரிந்தது எதனால் என்று கேட்டால் சிறியது பெரியதாகிவிடும். 2006-ன் வன உரிமைச் சட்டம் அவற்றைச் சேகரிக்கவும் விற்கவும் அவர்களுக்கு உடைமை உரிமை தந்தது. சிறு என்கிற அடைமொழியை அது எடுக்கவில்லை.

கீழே சமவெளியில் நடந்ததைத்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும். பவானிசாகர் அணை 1955-ல் முடிந்தது. அங்கிருந்து கிளம்புகிற கீழ்பவானி வாய்க்கால் இருநூறு கிலோமீட்டர், பாசனம் இரண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கர். இந்தப் பக்கத்தில் எல்.பி.பி. என்றால் பால்குடிக் குழந்தைக்குத் தெரியும். அது மண் வாய்க்கால். 2020-ல் அதைக் கான்கிரீட்டால் பூசிச் சீரமைக்க, எழுநூறு கோடி ரூபாயைத் தாண்டிய திட்டம் ஒன்றுக்கு அரசு ஒப்புதல் தந்தது. காகிதத்தில் அதன் பெயர் விரிவாக்கம், புனரமைப்பு, நவீனமயம். காரணம் என்று சொன்னது, கசிவினால் ஏற்படும் நீர் இழப்பு. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்பது பொய்யல்ல. கடைமடைக்காரனுடைய வயிற்றெரிச்சலும் பொய்யல்ல. ஆனால் வாய்க்காலின் கீழ்ப்புறத்தில் நூற்றுக்கணக்கான கிணறுகள் இருக்கின்றன. வாய்க்காலில் தண்ணீர் வந்த பத்தாம் நாள் அந்தக் கிணறுகளில் ஊற்றெடுக்கும். தென்னையும் மஞ்சளும் வீட்டுக் குடிநீரும் அந்த ஊற்றில்தான். இஞ்சினியர் வாய்க்காலுக்குள் நின்று பார்க்கிறார், வெளியே போகிற தண்ணீர் இழப்பு. விவசாயி கிணற்று மேட்டில் நின்று பார்க்கிறார், அதே தண்ணீர் வரவு. ஒரே சொட்டு இரண்டு பேரேட்டில் இரண்டு பத்தியில் எழுதப்படுகிறது. 2023-ல் வழக்கு, உயர் நீதிமன்ற உத்தரவு, உண்ணாவிரதம், பேச்சுவார்த்தை என்று விஷயம் முற்றியது. விவசாயிகளே இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் ஒன்று பார்த்தேன். 'நவீனமயம்' வேண்டும், வேண்டாம் என்று யாரும் சண்டை போடவில்லை. இரண்டு தரப்பும் அந்தச் சொல்லைத் தொடவே இல்லை. கான்கிரீட் வேணுமுங்க என்றார்கள், கான்கிரீட் வேண்டாமுங்க என்றார்கள். எதைக் கொட்டுகிறார்கள், எங்கே கொட்டுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.